முப்பது மில்லி

மாமனாரும் மாமியாரும் ஆறு மாத விசாவில் லண்டன் வந்து இறங்கிய மூன்றாம் நாள், வீட்டு வாசலில் ஒரு கனமான பார்சல் வந்து உட்கார்ந்தது. உள்ளே நீலப் பெயின்ட் அடித்த நான்கு காயில் ஸ்பிரிங்குகள். மாமா பொள்ளாச்சி பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒன்றைக் கையில் எடுத்து, பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி விரலால் சுண்டிப் பார்த்தார்.

"பழைய ஸ்பிரிங் ஒடைஞ்சு போச்சுங்களா மாப்பிள்ளை?"

"இல்லைங்க மாமா, நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் எதுக்குங்க இது?"

"வண்டியை முப்பது மில்லி கீழே எறக்கறதுக்குங்க."

மாமா ஸ்பிரிங்கை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். "எங்க டிப்போவுல வண்டி தொங்கிப்போச்சுன்னா டிரைவருக சண்டைக்கு வருவாங்க. நாங்க பட்டை சேத்து ஏத்திக் குடுப்போம். நீங்க காசு குடுத்துத் தொங்க உடறீங்க."

விலை நூற்றைம்பது பவுண்டு என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. மாமியார் அதை ரூபாய்க்கு மாற்றி முடிப்பதற்குள் மாடிக்குப் போய்விட்டேன்.

வண்டி, 2001 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5. மஸ்டா என்று போனில் சொன்னதிலிருந்தே மாமா அதை ஸ்வராஜ் மஸ்டா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். லண்டனில் மாப்பிள்ளை ஸ்கூல் வேன் ஓட்டுகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். உண்மையில் இது இரண்டே பேர் உட்காரும், கூரையை மடித்துவிடும் சின்னக் கார். 1989-இல் சிகாகோ மோட்டார் ஷோவில் காட்டினார்கள். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இருக்கிறது. அத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள், ஒருவருக்கும் மாமியார் இல்லைபோல.

ஏன் இறக்க வேண்டும்? கரும்பு லாரி வளைவில் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள். பாரம் மேலே இருப்பதால் உடம்பு முழுக்க வெளிப்பக்கம் சாய்கிறது. பாரம் தாழ்ந்தால் சாய்மானம் குறையும். ஆனால் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் மட்டும் போதாது. அமுங்க இடம் குறைவு என்பதால் விறைப்பாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் இருக்கும் ரப்பரில் போய் மோதும். மாமாவுக்கு இப்படித்தான் விளக்கினேன். நிஜக் காரணம் வேறு. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் நுழையும் சந்து. வளர்ந்த பையனுக்கு எட்டாமல் போன பேண்ட் மாதிரி, கணுக்கால் தெரிய நின்றது வண்டி. இந்த ஊரில் வண்டியில் எதை மாற்றினாலும் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லியாக வேண்டும். "என்ன காரணத்துக்காக?" என்று போனில் கேட்டார் ஒரு பெண். பேண்ட் கதையை அவரிடம் சொல்ல முடியுமா? வளைவு, பாரம் என்று இழுத்தேன். வருஷத்துக்கு இருபத்திரண்டு பவுண்டு ஏற்றினார். என் வண்டி இறங்க இறங்க ஏறியது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றும்வரை எல்லாம் வீடியோவில் பார்த்தபடியே நடந்தது. ஷாக் அப்சார்பரின் அடி போல்ட்டில் நின்றுபோனது. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். இருபது வருஷ உப்பு அந்த போல்ட்டில் ஊறுகாய் போட்டிருந்தது. மாமா கிரசின் கேட்டார். துரு இளக்கும் ஸ்பிரே டப்பாவைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "இதுலயும் அதேதான் இருக்குது, பேரை மாத்தியிருக்கறான்" என்றார். அடித்து ஊறவிட்டுச் சாப்பிடப் போனோம். ஒரே போல்ட்டுக்கு மூன்று மணி நேரம்.

பழைய ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் மாட்டி அமுக்கும்போது மாமாவின் முகம் மாறியது. பெண்கள் இருவரையும் வீட்டுக்குள் அனுப்பினார். "ஸ்பிரிங்குக்கு நேரா மூஞ்சிய வெக்காதீங்க. கொக்கி நழுவுச்சுன்னா ஆளைத் தூக்கிரும்." பத்து நிமிஷம் சிரிப்பே இல்லாத மனிதராக இருந்தார்.

ஞாயிறு மாலை நான்கும் மாட்டி, ஒரு போல்ட் விடாமல் மூச்சைப் பிடித்து முறுக்கி, வண்டியைத் தரைக்கு இறக்கினேன். டேப்பைப் பிடித்தேன். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை முன்பு 355 மில்லி. இப்போது 357.

"ரெண்டு மில்லி வளந்திருக்குதுங்க" என்றார் மாமா.

என் மனைவி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அந்தரத்துல தொங்கறப்பவே எல்லாத்தையும் முறுக்கிட்டீங்க. ஆர்முல இருக்கற ரப்பர் புஷ் அப்படியே புடிச்சுக்கிச்சு. லூஸ் பண்ணுங்க, வண்டிய முன்னப் பின்ன தள்ளுங்க, பாரத்துல நின்ன பொறவு முறுக்குங்க" என்றார் மாமா. சக்கரங்களைச் சிமென்டுப் பலகைகள் மேல் நிறுத்தி, அடியில் படுத்து, மறுபடி எல்லாம். இரவு ஒன்பதரைக்கு டேப் 322 காட்டியது. கோடைகால லண்டனில் அப்போதும் வெளிச்சம் இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்க வந்தார். எது மாறியிருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

உயரம் மாறினால் சக்கரங்களின் கோணமும் மாறிவிடும். ஆகவே அலைன்மென்டுக்குத் தனியாக ஒரு செலவு. அதை மாமியாரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஹாரோவிலிருந்து ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். சீட்டு இரண்டுதான் என்பதால் பெண்கள் ரயிலில். இங்கே வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம்வரை இருக்கலாம். நம்மூரில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவும் அதே பத்துதான், 3.7 மீட்டர் அகலத்துக்குப் படுக்கையாகப் போடச் சொல்கிறது. போடுகிறவர்கள் யாரும் அந்தப் புத்தகத்தைத் திறந்ததாகத் தெரியவில்லை. முதல் தடையிலேயே சைலன்சர் கர்ரக் என்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடை வரும்போதும் மாமா இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டார், வண்டிக்குப் பாரம் குறையட்டும் என்று.

ஒரு பெரிய ரவுண்டானாவைச் சுற்றும்போது மட்டும், "சாயலைங்க" என்றார். எனக்கு அது போதும்.

கோயில் வாசலில் அவரை வண்டியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ரயிலில் வந்தவர்கள் அர்ச்சனையே முடித்திருந்தார்கள்.

மாமா ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் தோட்டத்துக் கொட்டகையைத் திறந்தேன். பழைய ஸ்பிரிங்குகள் நான்கும் கிரீஸ் தடவி, நியூஸ்பேப்பரில் சுற்றி, நூல் கட்டி வரிசையாக இருந்தன. முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஒவ்வொன்றிலும் பால்பாயின்ட் பேனாவில் எழுதிய சீட்டு. ஐந்தாவதாக ஒரு சீட்டு தனியாகச் சுவரில் குத்தியிருந்தது: "திருப்பி மாட்டும்போது, வண்டி தரையில் நின்ற பிறகு போல்ட் முறுக்கவும்."