ஸ்கேன் செய்தால்தான் சோறு

பாவம், ஓட்டல் முதலாளிகள். கூரை முழுக்கப் பிளாஸ்டிக் கொடி தொங்கவிட முடிகிறது. சுவரில் நியான் எழுத்து எரியவிட முடிகிறது. மெனு கார்டு அச்சடிக்க மட்டும் காசில்லை. மேஜைக்கு மேஜை கியூஆர் கோடு ஒட்டிவிட்டார்கள்.

கொரோனா காலத்தில் வந்த ஏற்பாடு இது. கார்டைத் தொட்டால் தொற்றிக்கொள்ளுமாம். கொரோனா போய்விட்டது. சாக்கு போகவில்லை. ஊரே தொட்ட தண்ணீர் ஜக்கு மட்டும் அன்றும் இன்றும் அதே மேஜையில்தான்.

ஸ்கேன் செய்தால் மெனு வருமா? வராது. முதலில் பெயர். பிறகு செல் நம்பர். ஓடிபி. பிறந்தநாள். அப்புறம் லொகேஷனுக்கு அனுமதி. உங்கள் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறோம், எதற்கய்யா லொகேஷன்? ஜாதகம் ஒன்றுதான் பாக்கி. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர், தோசை என்ன விலை என்று பக்கத்து மேஜைப் பையனிடம் கேட்கிறார். இட்லி, பொங்கல், பூரி, ரவா தோசை என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் சர்வர்கள் இருந்த ஊர் இது. அவர்கள் யாரும் நம் பிறந்தநாளைக் கேட்டதில்லை.

கண்ட கியூஆர் கோடையும் ஸ்கேன் செய்யாதீர்கள் என்கிறது போலீஸ். வங்கியும் அதையே சொல்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் எச்சரித்தது. ஓட்டல்காரர் மட்டும், ஸ்கேன் செய்யாவிட்டால் பட்டினி கிட என்கிறார். அச்சடித்த கார்டில் தில்லுமுல்லு செய்தால் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை எவராலும் வெறுங்கண்ணால் படிக்க முடியாது. அதன்மேல் எவனோ தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால் முதலாளிக்கே தெரியாது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் அதுதான் நடந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கடைகளின் கியூஆர் கோடுகள்மேல் வேறு கோடு. வியாபாரம் கடையில். வரவு திருடன் கணக்கில். கல்லாவுக்கே காவல் இல்லாத நாட்டில், ஏழாம் நம்பர் டேபிளுக்கு யார் காவல்?

செல் நம்பர் கொடுக்கச் சொல்லி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023இல் மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது என்று 2022இல் நெறிமுறை வந்தது. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரியே என்றது. யார் காதில் விழுந்தது?

மெனுவைத் திறந்தது நாம். ஆர்டர் போட்டது நாம். பணம் கட்டியதும் நாம். பில்லின் அடியில் பார்த்தால் சர்வீஸ் சார்ஜ். சர்வர் வேலை முழுவதையும் பார்த்தவர்கள் நாமென்றால், அந்தக் கூலி நமக்கல்லவா சேரவேண்டும்? போடுங்கள். கியூஆர் கோடு நாங்கள் தருகிறோம்.