தூண்டினால் துலங்கும்

ஒரு மென்பொருளில் ஏதேனும் நடந்ததும் இன்னொன்றில் வேலை தானாகத் தொடங்குவதே நிகழ்வுத் தூண்டல். வாடிக்கையாளர் இணையப் படிவத்தை நிரப்பினால் விரிதாளில் ஒரு வரி ஏறும். விற்பனைப் பிரிவின் ஸ்லாக் அரட்டைச் செயலியில் மணி அடிக்கும். வாடிக்கையாளருக்கு நன்றி மின்னஞ்சல் போகும். ஊழியர் செய்ய வேண்டியது, இவை மூன்றையும் பார்க்காமல் இருப்பது மட்டுமே.

தூண்டல் இருவகைப்படும். ஒன்று, ‘ஏதாவது வந்ததா?’ என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது. தபால்காரருக்காக வாசலில் காத்திருக்கும் ஓய்வூதியர் வகை. மற்றது வெப்ஹுக், சேதி கிடைத்த கணமே ஓடிவந்து சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் வகை. 2011-இல் தொடங்கிய ஸேப்பியர் என்ற இணையச் சேவை, நிரல் எழுதத் தெரியாதவரும் இத்தகைய தூண்டல்களை அமைக்க வழி செய்தது. நிரலாளர்கள் மட்டுமே விளைவித்துவந்த குழப்பம் இவ்வாறு ஜனநாயகமானது.

இப்படி அமைத்த இரண்டு விதிகள் ஒன்றையொன்று தூண்டினால் முடிவே இல்லை. ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதிலுக்கு, விடுப்பில் இருக்கும் மற்றொருவரின் தானியங்கி பதில் போடும். இத்தகைய சுழலைத் தவிர்க்கும் வழிகளை 2004-இல் வெளியான ஆர்எஃப்சி 3834 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்தது. தூண்டலை அமைப்பது பத்து நிமிட வேலை. அது எப்போது நிற்க வேண்டும் என்று யோசிப்பதுதான் உண்மையான வேலை.