சார்ட்டர் தம்பி

பழவேற்காட்டுக் குப்பங்களில் பி.எஸ்சி. முடித்துச் சென்னை லேப் ஒன்றில் வேலைக்குப் போன தம்பியை ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலத்தில் பார்க்கலாம். யாராவது தும்மினால் நான்கடி தள்ளிப் போவார். ஏரியில் வலை விடும் இடத்தைப் பிரிக்கும் பாடு கூட்டத்தில் எல்லோரும் தங்கள் முறைக்காகத் தொண்டை கிழியக் கத்த, இவர் மட்டும் ஜன்னலோரம் நின்று காற்றோட்டம் பார்ப்பார். கருவாட்டுக் கூடையைத் தட்டும் அத்தையிடம், “தூசி பறக்குது அத்தே, மெதுவா” என்பார். அத்தை இன்னும் ரெண்டு தட்டு சேர்த்துத் தட்டுவார்.

வேலை என்னவென்று ஆயா கேட்டால் போதும், உட்கார்ந்துவிடுவார். செல் சார்ட்டர் என்றொரு மெஷின். எழுபது மைக்ரான் துளை, தலைமுடி தடிமன்தான். கார் டயரைப்போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் செல்கள் அதன் வழியே தாரையாகப் பாயும். தாரை நொடிக்குப் பல்லாயிரம் துளியாக உடையும். வேண்டிய செல் இருக்கும் துளிக்கு மின்னேற்றி, ஓரமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும்.

“ஓட்ட அடச்சிக்கினா இன்னாடா பண்ணுவ?” முகத்துவாரம் மண்மூடினால் ஏரி என்ன ஆகும் என்று பார்த்துப் பழகிய ஆயா அல்லவா!

“அதான் ஆயா சங்கதியே! தாரை கோணிக்கும். மோதித் தெறிச்சுக் கண்ணுக்குத் தெரியாத சாரலா மிதக்கும். அதுல கிருமி இருந்தா மூச்சோட உள்ளே!”

உடனே மெஷினை நிறுத்தணும், கதவைத் தொடக் கூடாது, உள்ளிருக்கும் காற்றை ஹெப்பா ஃபில்டர் உறிஞ்சி முடிக்கும்வரை சில நிமிஷம் காத்திருக்கணும் என்று விரல்விட்டு அடுக்குவார். ஐசாக் என்னும் உலகச் சங்கம் 2014-இல் போட்ட விதிமுறையையும் இழுப்பார். சாரல் வெளியே கசியவில்லை என்று நிரூபிக்க, ஒளிரும் துகள்களை ஓடவிட்டு, தாரையை வேண்டுமென்றே தடம் மாற்றி, வெளிக்காற்றைக் கண்ணாடித் தகட்டில் பிடித்துப் பார்ப்பார்களாம். ஒரு துகள் தென்பட்டாலும் ஃபெயில்.

“நல்லா ஓடுற மெஷின நீங்களே கெடுத்துப் பாக்குறீங்களா? இதுக்குச் சம்பளம் வேறயா?” என்பார் மாமா. கூட்டம் சிரிக்கும். தம்பி சிரிக்க மாட்டார்.

சிரிக்கட்டும். இதே லேபில் இன்னொருவர் இருக்கிறார். “பத்து வருஷமா ஓட்டுறேன், எனக்கு என்ன ஆச்சு?” என்று சொல்லிக்கொண்டே, அடைப்பு விழுந்த மறுநொடி கதவைத் திறந்து மூக்கை உள்ளே விடுபவர். இரண்டு பேர் ஜாதகமும் உங்கள் வீட்டுக்கு வந்தால், யோசிக்காமல் நம்ம தம்பிக்கே பெண்ணைக் கொடுங்கள்.