வாத்து ஏன் விழவில்லை?

கேள்வி: ஸ்டோர் அறையில் கிடந்த மைக்ரோ ஜீனியஸ் வீடியோ கேம் பெட்டியைப் புது எல்.இ.டி. டிவியில் மாட்டினால் மாரியோ ஓடுகிறார். வாத்து வேட்டையில் மட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. பழுது துப்பாக்கியிலா, குறியிலா? — வாசகர், மூவார்

பதில்: இரண்டிலும் இல்லை, டிவிதான் புதிது.

நிண்டெண்டோ 1984-இல் வெளியிட்ட 'டக் ஹன்ட்' ஆட்டத்தில் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை; அது பார்க்கத்தான் செய்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்குமிடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் வாத்து காலி. இருட்டு எதற்கு? அது இல்லையென்றால் கூரை விளக்கைக் குறிவைத்தே பையன்கள் காட்டைத் துடைத்துவிடுவார்கள்!

இந்தக் கணக்கெல்லாம், படத்தைக் கோடு கோடாக உடனுக்குடன் வரைந்த பழைய குழாய் டிவிக்குப் போட்டது. புது டிவியோ படத்தை வாங்கி, மெருகேற்றி, சற்றுத் தாமதித்துக் காட்டும். வெள்ளைக் கட்டம் வருவதற்குள் சோதனை முடிந்து, வாத்து பறந்துவிடும்.

மைக்ரோ ஜீனியஸ், 1983-இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டியின் தைவான் நகல். தொண்ணூறுகளின் மலேசியப் பிள்ளைகள் பலருக்கு அசல் என்று தெரிந்ததே இந்த நகல்தான். டக் ஹன்ட்டில் இன்னொரு ரகசியமும் உண்டு: ஒற்றை வாத்து ஆட்டத்தில், கன்ட்ரோலர் வைத்திருக்கும் இன்னொருவர் வாத்தை இஷ்டப்படி ஓட்டலாம். இது பல அண்ணன்களுக்குத் தெரியாது. தெரிந்த தம்பிகள் வாயே திறக்கவில்லை.

வீட்டில் குழாய் டிவி மிச்சமிருந்தால், பழைய சாமான் லாரிக்காரரிடம் அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.