நலம் விரும்பி

கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்பவனை நடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். வலமும் இடமும் ஆள் இல்லாமல் அவனால் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது. கலைச் செயலாளர் ஆக விரும்புபவன் எங்கே மைக்கைக் கண்டாலும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பான். விளையாட்டுச் செயலாளர் ஆசை உள்ளவன் சித்தி மகள் கல்யாணத்துக்கும் டிராக் பேன்ட்டில் வந்து நிற்பான். மாணவர் நலச் செயலாளர் பதவிக்கு நிற்பவனுக்கு மட்டும் சட்டைப் பையைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுத, மற்றது இரவல் கொடுக்க. இரவல் கொடுக்கும்போது மூடியைத் தன்னிடமே வைத்துக்கொள்வான். மூடி இல்லாத பேனாவை யாரும் கொண்டுபோவதில்லை என்பது தபால் ஆபீசில் கற்ற பாடம்.

தோள்பையைத் திறந்தால் ஸ்டேப்ளர், பசைக்குச்சி, ஏழெட்டு வருமானச் சான்றிதழ் நகல்கள் (அவனுடையது மட்டும் இருக்காது), ஒரு கவர் நிறைய யார் யாருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களோ. “இதுல யாருடா உன் ஃபிரெண்டு?” என்று கேட்டால், “தெரியலீங்கண்ணா, இவங்களுக்கெல்லாம் ஃபார்ம் பெண்டிங்” என்பான்.

நான் அறிந்த இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஜலகண்டாபுரத்துக்காரன். பிறந்தநாள் ஃபிளெக்ஸ்களின் கடைசி வரியில் வருகிற ‘நலம் விரும்பிகள்’ கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்தெடுத்துக் கல்லூரிக்கு அனுப்பியதுபோல இருப்பான். ஆகவே அவனை அப்படியே அழைப்போம்.

ஜலகண்டாபுரத்தில் பிறந்தவனுக்கு மேடையாசை வந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. திராவிட இயக்க நாடகாசிரியர் ப. கண்ணன் இந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் மாநிலம் முழுக்க அறியப்பட்டார். பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டே 2020-இல் இந்திய அணிக்குப் போய்விட்டார். வசனமும் வராது, பந்தும் எறியத் தெரியாது என்கிறவன் என்ன செய்வான்? விண்ணப்பப் படிவம் எழுதுவான்.

வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் சாதாரணமாகப் பேசுவதையே மாநாட்டுப் பேச்சுபோலத்தான் பேசுவான். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1000 யூனிட் ஆனபோது, தெருவில் வீடு வீடாகப் போய் கரண்ட் பில்லை வாங்கிப் பார்த்துக் கணக்குச் சரிதானா என்று சோதித்தவன். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்வதுதான் இந்த இனத்தின் குணம். அவனுடைய அம்மா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து தார் சுற்றியபடி சொல்லுவார்: “ஊரு பாரமெல்லாம் எழுதற. நம்ம ரேசன் கார்டுல உன் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்குது, அத மாத்தலியே சாமி.” அதற்கு அவன் பதில், “அது ஆன்லைன்ல போட்டுருக்கேம்மா.” எப்போது போட்டான் என்று அம்மா கேட்கமாட்டார்.

காலையில் சேலம் பஸ் ஏறுவான். தாரமங்கலம் வருவதற்குள் பிரசாரம் முடிந்துவிடும். அதைப் பிரசாரம் என்று அவன் ஒத்துக்கொள்ள மாட்டான், விசாரிப்பு என்பான். ஒரு காலத்தில் “சௌக்கியமா?” என்று கேட்ட வாய்தான். 2022-இல் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ரூ.1000 தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்த பிறகு, “ஆதார் சீடிங் ஆச்சா?” என்று கேட்க ஆரம்பித்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் காய்கறி விற்கப் போகும் அறுபது வயது அம்மாவாக இருந்தாலும் கேள்வி இதுதான். ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறிய நாளில் ஒருவரும் அவனுக்கு ஒரு டீ வாங்கித் தந்ததில்லை. ஏறாத மாதத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

கல்லூரி வளாகத்தில் அவன் நலம் விசாரிக்கும் முறை தனி.

“என்ன தம்பி, ஏதாச்சும் பிரச்சனையா?”

“ஒண்ணுமில்லீங்கண்ணா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

பையன் யோசிப்பான். எதிரில் ஒருவர் பேனாவைத் திறந்துகொண்டு நிற்கும்போது பிரச்சனை இல்லை என்று சொல்வது மரியாதையாக இருக்காதே என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துத் தருவான். குடிநீர்க் குழாய் ஒழுகுகிறது என்பது அப்படிக் கிடைத்ததுதான். அதற்கு மனு, நினைவூட்டு மனு, நேரில் சந்திப்பு எல்லாம் நடந்து, ஒரு நாள் பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டார். அன்று நலம் விரும்பி அந்தக் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, வெகுநேரம் நின்றான். “நல்லாத்தான் வருது” என்றான். குரலில் ஒரு துக்கம் இருந்தது. எனக்கு இந்த இனத்தின் மேல் உள்ள சந்தேகமெல்லாம் இங்கேதான். குறையுள்ளவனைவிடக் குறையின் மேல்தான் இவர்களுக்குப் பிரியம் அதிகம்.

ஆனால் கல்லூரி ஆபீசுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்கள் அவனைக் கேலி செய்ய மாட்டார்கள். எந்த ஜன்னல், எந்த கிளார்க், அவர் எந்த நாளில் அரை நாள் லீவு, அவருக்குச் சர்க்கரை போட்ட டீயா போடாத டீயா என்பதெல்லாம் எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை இருக்கிறதே, விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. மாணவன் கொடுத்த மனுவும் ஆபீசுக்குள் அப்படித்தான் உருண்டுகொண்டிருக்கும். நலம் விரும்பி தினம் போய் உருட்டிவிட்டு வருவான். அவனுக்கு அது போதும்.

இப்படிப்பட்டவன் தேர்தலில் நிற்பது இயற்கை. சிக்கல் என்னவென்றால் தேர்தல்தான் இப்போது இயற்கையாக இல்லை. மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் 1967-இல் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்த மாநிலம் இது. இன்று இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் துறைத்தலைவர் கைகாட்டுகிற பையன்தான் பிரதிநிதி. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளைப் பாருங்கள். குழுவில் பேராசிரியர்கள் உறுப்பினர்கள். மாணவர் தரப்பில் நியமனமாகும் ஒரே ஒருவர் சிறப்பு அழைப்பாளர். குறை யாருடையதோ அவன் விருந்தாளி. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கத்தின் நலப் பொறுப்பாளர் ஓராண்டு படிப்பை நிறுத்தி வைத்துவிட்டுச் சம்பளத்துக்கே அந்த வேலையைப் பார்க்கும் வழக்கம் உண்டு. இதைச் சொன்னபோது நலம் விரும்பி சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. “ஒரு வருஷம் கிளாசே கிடையாதுங்களா?” என்றுதான் கேட்டான்.

அவன் படித்த கல்லூரியில் ஒரு முதல்வர் துணிந்து தேர்தல் வைத்தார். உடனே லிங்டோ குழு விதிகளின் நகல் நலம் விரும்பியின் பைக்குள் ஏறிவிட்டது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு சொன்னதை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் ஒருவரின் செலவு ரூ.5000-க்கு மேல் போகக்கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். ஒலிபெருக்கி, வாகனம், விலங்குகள் எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. “விலங்குன்னு எதுக்குங்க போட்டுருக்காங்க? எங்கியோ எவனோ யானை கொண்டாந்துருப்பான்” என்று அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. விதி என்பது பெரும்பாலும் எவனோ ஒருவன் செய்த காரியத்தின் ஞாபகார்த்தம்தான். வேட்பாளருக்கு அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது என்ற விதியை மட்டும் அவனால் ஜீரணிக்க முடியவில்லை. “அரியரே இல்லாதவனுக்கு மாணவர் கஷ்டம் எப்படிங்க தெரியும்?”

தலைவர் பதவிக்கு அடிதடி. கலைச் செயலாளருக்கு ஐந்து பேர். நலச் செயலாளர் பதவியைச் சீண்ட ஆளில்லை. ஒழுகும் குழாய்க்கு யார் ஓட்டுக் கேட்பார்கள்? போட்டியின்றி ஜெயித்துவிடுவோமோ என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. எதிராளி இல்லாவிட்டால் தான் செய்ததையெல்லாம் யாரோடு ஒப்பிட்டுச் சொல்வது? ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டில் ஒரு பெண், மனநலம் பற்றி வகுப்பில் அழகாகப் பேசுவாள். மனசு விட்டுப் பேசுவதற்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்பது அவள் கட்சி. “மனசு சரியில்லைங்கறதெல்லாம் எட்டரை பஸ் ஒழுங்கா வந்தா சரியாப் போயிரும் பாப்பா” என்பது இவன் கட்சி. அவளிடமே போய், “நீ நில்லு பாப்பா” என்று கேட்டுக்கொண்டான்.

இடையில்தான் விடுதிப் பையன் வந்தான். முதலாண்டு, அவனும் ஜலகண்டாபுரம்.

“மூணு வாரமாத் தூக்கமில்லீங்கண்ணா.”

பேனா திறந்தது. “கொசுவா?”

“இல்லீங்க.”

“ராகிங்கா? பயப்படாமச் சொல்லு, 1997-லயே சட்டம் போட்டாச்சு.”

“இல்லீங்கண்ணா. சத்தம்...”

“யாரு சத்தம் போடறது? ரூம் நம்பர் சொல்லு.”

“சத்தமே இல்லீங்கண்ணா. அதான் தூக்கம் வரல. ஊட்ல ராத்திரி பூரா தறி ஓடும்ங்க.”

நலம் விரும்பி பேனாவை மூடினான். இதற்கு எந்த ஜன்னலிலும் படிவம் கிடையாது. கொஞ்ச நேரம் இருவரும் மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கேட்டைத் தாண்டிப் போய் ஆளுக்கொரு தட்டுவடை செட் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இவனுக்கு 17-ஆம் எண் அறையின் ஃபேன் ஞாபகம் வந்தது. டடக் டடக் என்று ஓடுகிற ஃபேன். அதை மாற்றச் சொல்லி மூன்று மனு கொடுத்தவன் இவனேதான். புது ஃபேன் அட்டைப் பெட்டியோடு ஸ்டோருக்கு வந்து சேர்ந்திருந்தது. அன்று மாலை வார்டன் மேசைக்கு நான்காவது மனு போயிற்று. பொருள்: 17-ஆம் எண் அறையின் மின்விசிறியை மாற்ற வேண்டாம் எனக் கோருதல் தொடர்பாக.

வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்ப்பா, மொதல்ல வந்த மூணும் உன் கையெழுத்துதானே?”

“ஆமாங் சார். அது மாணவர் நலன். இதும் மாணவர் நலன்தாங் சார்.”

அந்த அறையில் இருந்தவன் சந்தோஷமாக இடம் மாறிக்கொண்டான். பையன் அந்த ஃபேனுக்குக் கீழே படுத்தவன், மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. வாரம் முழுக்க முதல் பீரியடுக்குப் போகாமல் தூங்கியதில் வருகைப்பதிவு போயிற்று. நல்லவேளை, அதற்குப் படிவம் இருந்தது.

வேட்புமனு தாக்கல் நாள். அந்தப் பெண் நிற்கச் சம்மதித்திருந்தாளே தவிர, படிவத்தைப் பார்த்ததும் மிரண்டுவிட்டாள். ஒரு படிவம் நிரப்பப்படாமல் கிடப்பதை நலம் விரும்பியால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவளுடையதை அவனே எழுதினான். முன்மொழிபவர், வழிமொழிபவர், போட்டோ, துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் கச்சிதம். பரிசீலனையில் அவள் மனு ஒரு குற்றமும் இல்லாமல் தேறியது. இவன் மனு தள்ளுபடி. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்கிறது லிங்டோ விதி, இவனுக்கு 71. மற்றவர்களின் வருகைப்பதிவுக் குறைவுக்குக் கண்டோனேஷன் வாங்கித்தர ஆபீஸ் ஜன்னலில் நின்ற நேரமெல்லாம் அவன் வகுப்பில் இல்லாத நேரம். அரியர் வேறு ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதற்கு முன்பே தள்ளுபடியாகிவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி.

அவள் போட்டியின்றித் தேர்வானாள். முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டுமே, அந்தத் தாளையும் அவனே எழுதினான். ஜெராக்ஸ் செலவு என்ற வரியில் அவள் ஏதோ எழுதப் போனபோது, “அது நான் குடுத்த காசு பாப்பா, அத எழுதாத, கணக்கு இடிக்கும்” என்று தடுத்துவிட்டான். அவள் சொன்ன ஒரு மணி நேரம் மரத்தடியில் ஆரம்பமாகி, நன்றாகவே நடந்தது. அழுதுவிட்டு எழுந்து போகிறவர்களை நாலடி தள்ளி நின்று இவன் மடக்குவான். “அழுதாச்சுல்ல? வா, இப்ப ஸ்காலர்ஷிப்ப என்னன்னு பாப்போம்.”

இந்த இனத்துக்குப் பட்டம் வாங்கினால் ஓய்வு கிடையாது. சிலர் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் ஆகிறார்கள். சிலர் ரயிலில் மிடில் பெர்த்தை எத்தனை மணிக்கு இறக்கலாம் என்று பெட்டி முழுக்க விளக்குகிறார்கள். கல்யாணப் பந்தியில் சாப்பிடாமல் நின்றுகொண்டு, “அந்த இலைக்கு ரசம் வரல” என்று கத்துபவரைப் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று விசாரித்தால் இரண்டுமில்லை என்று தெரியவரும். நம் ஆள் தன் கல்யாணத்திலேயே இதைச் செய்தான். மேடையில் உட்கார்ந்தபடியே, மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் வெயிலில் இருக்கிறார் என்று சைகை காட்டி நாற்காலியை நகர்த்தவைத்தான். புரோகிதர் தாலியைக் கையில் கொடுத்துவிட்டுக் கெட்டிமேளத்துக்கு விரலை உயர்த்தியபோது, நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கேட்டான்.

“அண்ணே, டிபன் சாப்டாச்சுங்களா?”

“இன்னும் இல்லீங் தம்பி.”

“பொறுங்க சாமி” என்று புரோகிதரைக் கையமர்த்திவிட்டு அவன் சமையல்காரரைத் தேட ஆரம்பித்தான். மணப்பெண் குனிந்த தலையை நிமிர்த்தினாள்.

“எனக்குந்தான் பசிக்குது. கட்டிட்டு விசாரிங்க.”