தாய்ப்பலகை மாற்றமும் கேபினெட்டின் நித்தியத்துவமும்: நாகல் நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

வீட்டுக் கம்ப்யூட்டரில் மதர்போர்டை மாற்றிய பிறகு அங்கே இருப்பது பழைய கம்ப்யூட்டரா, புதிய கம்ப்யூட்டரா? அற்பக் கேள்வி என்று அறிஞர் உலகம் இதை ஒதுக்கிவிட்டது. ஆனால் பழையது என்றால் செலவு ‘ரிப்பேர்’ கணக்கில் போகும்; புதியது என்றால் தீபாவளி வரை தள்ளிப்போகும். எனவே விடை காண்பது அவசரம்.

2. ஆய்வுக் களம்

திண்டுக்கல் நாகல் நகர். தெரிவுக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, இது பூட்டுக்குப் பேர்போன ஊர். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. எந்தச் சாவி எதில் நுழையும் என்று இவ்வூராருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு, ஆய்வாளரின் மாமா வீடு அங்கிருப்பதால் உணவும் உறையுளும் இலவசம்.

3. ‘போர்டு மட்டும்’ கோட்பாடு

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். மாமா வீட்டிலிருந்ததோ நான்காம் தலைமுறை. மாமா மகன் கோட்பாட்டை முன்வைத்தான்: “போர்டு மட்டும் மாத்துனாப் போதும்ப்பா.”

கடைக்காரர் மறுப்புரை வழங்கினார்: “மாத்தலாம் சார். ஆனா பழைய பிராசசர் இதுல உக்காராது.”

இங்குதான் பூட்டியல் துணைக்கு வருகிறது. சாக்கெட் என்பது பூட்டு. பிராசசர் அதன் சாவி. இன்டெல் 2013இல் 1150 முனைப் பூட்டும், 2015இல் 1151 முனைப் பூட்டும் செய்தது. 2017இல் எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 முனைகள்தாம். ஆனால் முந்தைய போர்டில் வைத்தால் சாவி நுழையும், திரும்பாது. 2020இல் 1200, 2021இல் 1700. ஏஎம்டி மட்டும் 2016இல் கொண்டுவந்த ஏஎம்4 பூட்டுக்கே ஆண்டுக்கணக்கில் சாவி அடித்துக் கொடுத்தது. 2022இல்தான் ஏஎம்5க்கு நகர்ந்தது.

அடுத்து ராம். டிடிஆர்3க்கு 240 முனைகள், டிடிஆர்4க்கு 288. டிடிஆர்5க்கும் 288தான். ஆசைப்பட்டு அழுத்திப் பார்ப்போர் கவனத்துக்கு: அடிவிளிம்பில் ஒரு சிறு வெட்டு உண்டு; அது தலைமுறைக்குத் தலைமுறை சற்றே தள்ளி நிற்கும். ரப்பரால் தேய்த்து மாட்டினால் எந்த ராமும் வேலை செய்யும் என்ற நாட்டு வைத்தியம் இங்கே செல்லாது.

எஸ்எம்பிஎஸ்ஸில் பிராசசருக்கு மின்சாரம் தரும் முனைகள் நான்கு. புதிய போர்டு கேட்பது எட்டு. ஆக அதுவும் போயிற்று. மானிட்டரின் நீல நிற விஜிஏ ஒயருக்குப் புதிய போர்டில் இடமில்லை, கன்வெர்ட்டர் வந்தது. கோட்பாட்டில் ‘போர்டு’ மிஞ்சியது, ‘மட்டும்’ மறைந்தது.

4. இரு மரபுகள்

எஞ்சியது கேபினெட். ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் 1995இல் வகுத்தது: 305க்கு 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகள் அன்றைய இடத்திலேயே இருப்பதால் இன்றைய போர்டும் பழைய பித்தளைத் தாங்கிகள் மேல் பாந்தமாக உட்காருகிறது.

இதையொட்டி அறிஞர் இரு மரபாகப் பிரிவர். ரெட்மண்ட் மரபு (மைக்ரோசாஃப்ட்): கம்ப்யூட்டரின் உயிர் மதர்போர்டில் உள்ளது. பழுதுக்காக அல்லாமல் மேம்படுத்த அதை மாற்றினால் அது புதிய கம்ப்யூட்டர். பழையதோடு வந்த ஓஇஎம் உரிமம் இதற்குச் செல்லாது. நாகல் நகர் மரபு (அத்தை): உயிர் கேபினெட்டில் உள்ளது. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டும், பக்கவாட்டில் ஒட்டிய பழனி முருகன் ஸ்டிக்கரும் அப்படியே இருக்க, புதுசு எங்கிருந்து வந்தது?

மாமா இரண்டாம் மரபை ஏற்றார். பணம் ரிப்பேர் கணக்கில் பெயர்ந்தது.

5. முடிவும் மேலாய்வும்

கழற்றிய போர்டு, பிராசசர், ராம், எஸ்எம்பிஎஸ் எல்லாம் நல்ல நிலையில் பரணில் உள்ளன. மகன் இரண்டாம் கோட்பாட்டை வெளியிட்டிருக்கிறான்: “கேபினெட் மட்டும் வாங்குனா இன்னொரு கம்ப்யூட்டர் ரெடிப்பா.” இது நடந்தால் ரெட்மண்ட் மரபின்படி அதுவே பழைய கம்ப்யூட்டர், உரிமமும் அதற்கே. நாகல் நகர் மரபின்படியோ அது புத்தம் புதுசு; எலுமிச்சம்பழமும் சந்தனமும் வாங்க வேண்டும். மாமா ஒரே நேரத்தில் இரு மரபையும் மறுத்துவருவதால் ஆய்வு தொடர்கிறது. ஆய்வாளரின் உணவும் உறையுளும் அவ்வாறே.