தும்மலுக்கு ஒரு நூறாயுசு

கலாபகஸ் தீவுகளுக்குப் போக மூன்று மாதம் தயாரானேன். தொப்பி, சன்ஸ்கிரீன், வாட்டர்ப்ரூஃப் கேமரா எல்லாம் வாங்கினேன். ஊரைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ஈக்வடார் கரையிலிருந்து கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் என்பதே விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

கரையிறங்கியதும் கறுப்பு எரிமலைப் பாறை. பையை வைக்க வாகான மேடு ஒன்றைப் பார்த்துக் குனிந்தேன். மேடு கண்ணைத் திறந்தது. கடல் இகுவானா! எந்த விலங்கிடமும் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கைடு கத்தினார். அவர் கத்தியது என்னைப் பார்த்துத்தான். அது நகரவே இல்லை.

"மீன் எவ்வளவு சாப்பிடும்?" என்று விவரமான ஆள் மாதிரி கேட்டேன். கடலில் இறங்கி மேய்கிற ஒரே பல்லியினம் இதுதானாம், தின்பது பாசி. "சைவம்ங்க, உங்களை ஒண்ணும் பண்ணாது" என்றாள் மனைவி. அதன் பிறகுதான் மூச்சு விட்டேன்.

அந்த நேரம் பார்த்து அது தும்மியது. யார் தும்மினாலும் 'நூறாயுசு' சொல்லிப் பழகிய வாய், சொல்லிவிட்டது. 'சளி பிடித்திருக்கிறதா?' என்று கைடிடம் வேறு விசாரித்தேன். உள்ளே போகிற உப்பை ஒரு சுரப்பி பிரித்தெடுத்து மூக்கு வழியாகப் பீச்சுகிறதாம். தலையில் வெள்ளையாகப் படிந்திருந்ததும் அந்த உப்புதான். பறவை எச்சம் என்று அதற்கு முன்பே பரிதாபப்பட்டு முடித்திருந்தேன்.

எல் நினோ வருஷங்களில் கடல் சூடாகிப் பாசி குறைந்தால், இந்தப் பிராணி நீளத்திலேயே 20 சதவீதம் வரை சுருங்குமாம். தீனி கிடைத்ததும் மறுபடி வளருமாம். கப்பல் பஃபேயில் நான் இதைப் பரிசோதித்தேன். இரண்டாவது பாதி மட்டும் எனக்கு வேலை செய்கிறது.

1835இல் வந்த டார்வின், ஒரு இகுவானாவைப் பலமுறை குட்டையில் வீசிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவர் நின்ற இடத்துக்கே நேராக நீந்தி வந்தது. சுறா இருக்கும் கடலைவிடக் கரையே பத்திரம் என்று அது நம்புவதாக அவர் ஊகித்தார். அதே டார்வின், தான் சேர்த்த குருவிகளில் பலவற்றுக்கு எது எந்தத் தீவு என்று குறிக்க மறந்தவர். இதைப் படித்ததும் மனசு குளிர்ந்தது. என் போட்டோக்களிலும் எது எந்தத் தீவு என்று தெரியாது. என்ன, அவர் பிற்பாடு ஒரு புத்தகம் எழுதினார்.

கடைசி நாள் ஸ்நார்க்கெலிங். பெரிய ஆண் இகுவானா அரை மணி நேரம்கூட மூச்சடக்கும். அலை எப்படி அடித்தாலும் நகத்தால் பாறையைக் கவ்விப் பாசியைச் சுரண்டும். உடும்புப் பிடிதான். என்னிடமும் அப்படி ஒரு பிடி இருப்பது அன்றுதான் தெரிந்தது. நான் கவ்வியது கைடின் தோளை.

அரை நிமிஷத்தில் நேராகக் கரைக்கே நீந்தி வந்தேன். மூக்கு முழுக்க உப்புத் தண்ணீர். அடுக்கடுக்காக மூன்று தும்மல். பக்கத்துப் பாறையில் ஒரு இகுவானா வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பதில் மரியாதைக்காகச் சற்று நின்றேன். அது கண்ணை மூடிக்கொண்டது.